கியர் பெட்டிக்கு நாடி பார்த்தவர்

வைத்தியர்களில் இரண்டு ரகம் உண்டு. வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே கத்தியைத் தீட்டுகிறவர் ஒருவர். நாடியைப் பிடித்துக்கொண்டு, “நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள்?” என்று கேட்கிறவர் இன்னொருவர். மோட்டார் வைத்தியத்திலும் இதே கதைதான் என்பதைச் சென்ற மாதம் மயிலாப்பூரில் ஒரு வீட்டு வாசலில் கண்ணாரக் கண்டேன்.

நோயாளி ஒரு கார். பெயர் எம்.ஜி.ஏ. ‘எம்.ஜி.’ என்றதும் நம் ஊரில் சட்டென்று ஞாபகத்துக்கு வருகிறவர் வேறு ஒருவர். அவருக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரத்திலிருந்த ‘மாரிஸ் காரேஜஸ்’ என்ற ஸ்தாபனத்தின் முதல் எழுத்துக்கள் அவை. ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் ஆபிங்டன் என்ற சிற்றூரில் 1955 முதல் 1962 வரை இந்த வண்டிகளைச் செய்தார்கள். 1 லட்சத்துக்குச் சற்று அதிகமாகச் செய்ததில், பத்தில் ஒன்பதுக்கு மேல் கப்பலேறி வெளிநாடுகளுக்கு, முக்கியமாக அமெரிக்காவுக்குப் போய்விட்டன. இரண்டே பேர் உட்காரலாம். கூரை என்று பெயருக்கு ஒரு துணி. கதவுக்கு வெளிப்புறத்தில் கைப்பிடிகூடக் கிடையாது. உள்ளே கையை விட்டுத்தான் திறக்க வேண்டும். இத்தனை அசௌகரியங்கள் இருந்தும் ஏன் இதன்மேல் ஆசைப்படுகிறார்கள் என்றால், அதன் உருவத்தை ஒரு முறை பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். முன் சக்கரத்தின் மேலே எழும்பி, கதவருகே தாழ்ந்து, பின் சக்கரத்தின் மேல் மறுபடி எழும்பும் அந்த வளைவு, அலை ஒன்று அப்படியே உறைந்து நின்றதுபோல் இருக்கும்.

பழைய கார்களைப் பற்றி நாலு பக்கம் எழுதலாமென்று நான் போன நேரம், வண்டி ஓடாத நேரமாக அமைந்தது. எனக்கு அதிர்ஷ்டம், வீட்டுக்காரர்களுக்கு அல்ல.

வீட்டு எஜமானி எழுபது வயதைத் தாண்டிய அம்மாள். கணவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்தவரையில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இந்த வண்டியைத் தாமே துடைத்து, தாமே ஓட்டிக்கொண்டு, கடற்கரை வரை போய் வருவாராம். அவருக்குப் பிறகு மாதத்துக்கு ஒரு முறை, காலேஜில் படிக்கும் பேரன் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து நிறுத்துவான். அப்படிப் போன வாரம் எடுத்தபோதுதான் லஸ் முனையில் வினை வந்தது. இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றப் பார்த்திருக்கிறான். லிவர் வந்தது, கியர் வரவில்லை. என்ன ஆட்டினாலும் வண்டி பழைய கியரை விடமாட்டேன் என்றது. அதே கியரில் உறுமிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தான். பின்னால் வரும் பஸ்காரர்கள் சொன்ன ஆசீர்வாதங்களை இங்கே அச்சிட முடியாது.

மறுநாள் ஒரு தொழிற்சாலையிலிருந்து ஆள் வந்தார். லிவரைப் பிடித்து ஆட்டினார். அது மோர்க்குழம்பில் கரண்டி போலத் தாராளமாக ஆடியது. “உள்ளே ஃபோர்க் உடைஞ்சு போச்சு. என்ஜினையும் கியர் பெட்டியையும் சேர்த்து வெளியே தூக்கணும். பெட்டியைப் பிரிச்சா இன்னும் என்னென்ன போயிருக்கோ! சாமான் எல்லாம் சீமையிலிருந்து வரணும்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்ன செலவைக் கேட்டு அம்மாள் பதில் பேசாமல் இருந்துவிட்டார்.

இதற்குள் வண்டியை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவருக்குச் செய்தி எட்டிவிட்டது. கியர் பெட்டி போன வண்டிக்கு முன்பு சொன்ன விலையில் பாதிதான் தர முடியும் என்றார். ‘ஆகட்டும்’ என்றால், அன்று மாலை 4 மணிக்கு அட்வான்ஸ் பணத்துடன் வருவதாகவும் சொன்னார். அம்மாள் ‘ஆகட்டும்’ என்றுதான் சொல்லியிருந்தார். பேரன் மூலையில், கொலைக் குற்றவாளிபோல உட்கார்ந்திருந்தான்.

“என்னாலேதான் பாட்டி” என்பதைத் தவிர அவன் வேறு எதுவும் பேசி நான் கேட்கவில்லை.

காலை 10 மணிக்கு ஆட்டோ ரிக்‌ஷா ஒன்று வந்து நின்றது. வெள்ளை வேட்டி, அரைக் கைச் சட்டை, தோளில் ஒரு கான்வாஸ் பை. கூடவே பதினெட்டு வயதுப் பையன் ஒருவன். இந்த வீட்டில் ஒரு காலத்தில் இருந்த அம்பாஸிடர் காரை முப்பது வருஷம் கவனித்துக்கொண்ட மேஸ்திரி அவர்.

“வாங்க மேஸ்திரி. விற்கிறதுக்கு முன்னாலே உங்களை ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு தோணித்து.”

“நல்ல காரியம் பண்ணீங்கம்மா. ஆனா இந்த வண்டியை நான் தொட்டதே இல்லையே. ஐயா யாரையும் தொட விடமாட்டாரே!”

“அதுதான் எனக்கும் யோசனை. உங்களுக்கு இது தெரியுமோ தெரியாதோன்னு...”

மேஸ்திரி பானெட்டைத் திறந்தார். ஒரு நிமிஷம் குனிந்து பார்த்தார். அப்புறம் சிரித்தார். “தெரியாமெ என்னம்மா? நம்ம அம்பாஸிடரோட சின்னம்மா பிள்ளை!”

அவர் சொன்னது வேடிக்கைக்கு அல்ல. இங்கிலாந்தில் மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்று ஓடிய குடும்ப வண்டிதான், 1957-ல் கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் அம்பாஸிடர் என்ற பெயரில் பிறந்தது. அதற்குச் சீக்கிரமே கிடைத்த 1489 ஸி.ஸி. என்ஜினும், ஆரம்ப கால எம்.ஜி.ஏ.யின் என்ஜினும் ஒரே குடும்பம். ‘பி’ வரிசை என்று அதற்குப் பெயர். கியர் பெட்டியும் அந்த வம்சமே. ஸ்போர்ட்ஸ் காரில் கார்புரேட்டர் இரண்டு. கியர் லிவர் ஸ்டியரிங்கில் இல்லாமல் தரையில், கைக்கெட்டும் தூரத்தில் கட்டையாக நிற்கும். அம்பாஸிடர் 2014-ல் நின்றுபோகும் வரையில் நம் ஊர் மரத்தடி ஷெட்டுகளில் எத்தனையோ மேஸ்திரிகள் தங்களை அறியாமலே ஆபிங்டன் வண்டிக்கும் வைத்தியம் கற்றுக்கொண்டிருந்தார்கள்!

மேஸ்திரி உடனே ஸ்பானரை எடுக்கவில்லை. பேரனைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டார்.

“தம்பி, பயப்படாமெ சொல்லுங்க. மாட்டிக்கிட்ட அன்னிக்குப் பெட்டியிலேருந்து சத்தம் ஏதாச்சும் வந்துதா? நறநறன்னோ, டமால்னோ?”

“இல்லே. ஒரு சத்தமும் இல்லே.”

“லிவர் ஆட்டம் அன்னிக்குத்தான் வந்துதா, முன்னாலேயே இருந்துதா?”

பையன் யோசித்தான். “போன மாசமே கொஞ்சம் தொளதொளன்னு இருந்தது. பழைய வண்டின்னா அப்படித்தான் போலேன்னு நினைச்சேன்.”

மேஸ்திரி தலையை ஆட்டிக்கொண்டார்.

கியர் பெட்டி என்பது என்ன மாயம் என்று யோசிக்கும் நேயர்களுக்கு இரண்டு வார்த்தை. என்ஜின் வேகமாகச் சுற்றும்; ஆனால் நின்ற வண்டியை நகர்த்த அதற்குத் தனியாகச் சக்தி போதாது. அதனால் நடுவில் பல் சக்கரங்களை வைத்து, சுழற்சியைக் குறைத்து, இழுக்கும் பலத்தைக் கூட்டிக்கொள்கிறோம். எம்.ஜி.ஏ.யில் முன்னால் போக நாலு, பின்னால் வர ஒன்று. இரண்டாவது, மூன்றாவது கியர்களின் சக்கரங்கள் எப்போதும் பல்லோடு பல் கோத்தபடியே சுற்றிக்கொண்டிருக்கும். நாம் ‘கியர் போடுவது’ என்பது, ஒரு வளையத்தை நகர்த்தி அதில் ஒரு சக்கரத்தைத் தண்டோடு பூட்டுவதுதான். அந்த வளையத்தை நகர்த்துவது கவட்டை மாதிரியான ஒரு ‘ஃபோர்க்’. ஃபோர்க்கைச் சுமப்பது ஒரு ராடு. இப்படி மூன்று ராடுகள்: முதல் இரண்டு கியர்களுக்கு ஒன்று, அடுத்த இரண்டுக்கு ஒன்று, ரிவர்ஸுக்கு ஒன்று.

இவ்வளவும் பெட்டிக்கு உள்ளே. வெளியே, அதாவது கம்பளத்துக்கு அடியில், வேறு ஒரு கோஷ்டி இருக்கிறது. இந்த வண்டியில் லிவர் பெட்டியின் தலைமேல் நேராக நிற்பதில்லை; கைக்கு வசதியாகப் பின்தள்ளி நிற்கிறது. அதனால் லிவரின் அடிமுனை ஒரு சிறு தண்டைத் தள்ள, அந்தத் தண்டிலுள்ள பிடி முன்னே போய் ராடைத் தள்ள வேண்டும். கை, லிவர், தண்டு, பிடி, ராடு, ஃபோர்க், வளையம் என்று சங்கிலிபோலப் போகிறது காரியம். எந்தக் கண்ணி அறுந்தாலும் ஓட்டுகிறவருக்கு ஒரே புகார்தான்: கியர் மாட்டிக்கொண்டது! முதல் பாதியில் அறுந்திருந்தால் உட்கார்ந்த இடத்திலேயே சரிபண்ணலாம். மறு பாதியில் அறுந்திருந்தால் என்ஜினைத் தூக்கியே ஆகவேண்டும். எந்தப் பாதி என்பதில்தான் அந்த அம்மாளின் பணமும், 4 மணிக்கு வரப்போகிறவரின் லாபமும் அடங்கியிருந்தன.

முதலில் கிளட்ச். பையனை உள்ளே உட்கார்த்தி, பெடலை மிதிக்கச் சொன்னார். தாம் கீழே குனிந்து, பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் சிறு சிலிண்டரின் தடி எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தார். பிறகு பெடலை மிதித்தபடியே இருக்கச் சொல்லிவிட்டு, சிஷ்யனும் அவருமாக வண்டியைத் தள்ளினார்கள். உருண்டது. பெடலை விட்டதும் கட்டைபோல் நின்றது.

“கிளட்ச்சு பழுதில்லே. ஒரே கியர்தான் விழுந்திருக்கு” என்றார்.

இந்தச் சின்னப் பரீட்சையில் இரண்டு பெரிய சந்தேகங்கள் தீர்ந்துபோகின்றன. நம் ஊர் மழைக்காலத்தில் மாதக் கணக்கில் நிறுத்திவைத்த வண்டிகளில் கிளட்ச் தட்டு, துருப்பிடித்து என்ஜின் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டுவிடும். பெடலை எவ்வளவு மிதித்தாலும் பிரியாது, கியரும் நகராது. பாவம், பழி மட்டும் கியர் பெட்டியின்மேல் விழும். என்ஜின் நின்றிருக்கும்போது லிவர் சுகமாக நகர்ந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் பெரும்பாலும் குற்றவாளி கிளட்ச்தான். இன்னொரு சந்தேகம் இதைவிடக் கொடுமையானது. ஒரு ராடு நகரும்போது மற்ற இரண்டையும் நகரவிடாமல் தடுக்க உள்ளே ஒரு காவல்காரன் உண்டு. அவன் தேய்ந்து அசந்துபோனால் இரண்டு கியர்கள் ஏக காலத்தில் விழுந்துவிடும். ஒரு தண்டு ஒரே சமயத்தில் இரண்டு வேகங்களில் சுற்ற முடியாதல்லவா? பெட்டியே பூட்டிக்கொள்ளும். அப்போது கிளட்ச்சை மிதித்தாலும் வண்டி அசையாது.

“சில பேர் பிரேக்குதான் பிடிச்சிருக்குன்னு நினைச்சு சக்கரத்தைக் கழட்டுவாங்க ஸார்” என்றார் மேஸ்திரி என்னைப் பார்த்து. “பின் சக்கரம் ரெண்டையும் தூக்கி நிறுத்திட்டு, ஒண்ணைக் கையாலே சுத்திப் பார்க்கணும். மத்தது எதிர்ப் பக்கமாச் சுத்தினா பிரேக்கு மேலே குத்தமில்லே. பெட்டி பூட்டிக்கிட்டிருக்குன்னு அர்த்தம்.”

அடுத்தது, எந்தக் கியர் என்கிற கேள்வி. பையன்தான் இரண்டாவது என்று சொல்கிறானே, போதாதா என்றேன். “அவரு சொல்றது சரியாத்தான் இருக்கும். வண்டியும் ஒரு வார்த்தை சொல்லட்டுமே” என்றார். நாலு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றச் சொன்னார். சாக்குக் கட்டியால் பின் டயரில் ஒரு கோடு. என்ஜின் முன்னாலுள்ள கப்பியில் ஒரு கோடு. நானும் பேரனும் வண்டியைத் தள்ள, டயர் சரியாக ஒரு சுற்றுச் சுற்றியது. கப்பியின் கோட்டைச் சிஷ்யன் எண்ணிக்கொண்டிருந்தான்.

“ஒம்பதரை, அண்ணே!”

இதிலே ஜோஸ்யம் ஒன்றுமில்லை. வெறும் பெருக்கல் கணக்கு. இந்த வண்டியின் பின் அச்சில் விகிதம் 4.3. நாலாவது கியரில் டயர் ஒரு சுற்றுக்கு என்ஜின் 4.3 சுற்றுத்தான் சுற்றும். மூன்றாவதில் கிட்டத்தட்ட 6. முதல் கியராக இருந்தால் 15-க்கு மேல். இரண்டாவது கியரின் விகிதமான 2.21-ஐ 4.3-ஆல் பெருக்கிப் பாருங்கள், ஒன்பதரை வரும். வண்டி தள்ளியதில் எனக்கு மூச்சு வாங்கியது என்பதைத் தவிர, இப்படி ஓர் அழகான பரீட்சையை நான் பார்த்ததில்லை.

பிறகு எண்ணெய். எம்.ஜி.ஏ.யில் கியர் பெட்டிக்கும் என்ஜின் எண்ணெய்தான் ஊற்ற வேண்டும் என்பது தயாரித்தவர்கள் வைத்த விதி. கெட்டியான நவீன ஆக்ஸில் எண்ணெய் சிலவற்றில் கந்தகம் கலந்த மருந்துகள் உண்டு. அவை உள்ளே இருக்கும் வெண்கல வளையங்களை மெல்ல அரித்துவிடும். கீழேயுள்ள பிளக்கைத் தளர்த்திக் கொஞ்சம் எண்ணெய் பிடிக்க மேஸ்திரி ஒரு பாத்திரம் கேட்டார். அம்மாள் அவசரத்தில் பளபளவென்று ஓர் எவர்சில்வர் கிண்ணத்தை நீட்டிவிட்டார்.

“ஐயையோ, பாயசக் கிண்ணத்தைக் குடுக்கிறீங்களே அம்மா! ஒரு கொட்டாங்கச்சி போதும். கிழிஞ்ச வெள்ளைத் துணி இருந்தா அதுவும் குடுங்க.”

எண்ணெயை வெள்ளைத் துணியில் வடிகட்டி, வெயிலில் விரித்துப் பிடித்தார். உள்ளே ஃபோர்க்கோ பல்லோ உடைந்திருந்தால் பெரும்பாலும் இரும்புத் துணுக்குகள் தங்கும். வெண்கலம் தேய்ந்திருந்தால் தங்கப் பொடிபோல மின்னும். துணியில் கறுப்புக் கறையைத் தவிர ஒன்றுமில்லை. ஆனாலும் மேஸ்திரி முகத்தில் முழுத் திருப்தி வரவில்லை. “துணுக்கு அடியிலே எங்கயாவது தங்கியிருக்கலாம். இதை மட்டும் நம்பக் கூடாது” என்றார்.

இதற்கப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு நாடி பார்ப்பதாகவே பட்டது. டிரைவர் ஆசனத்தில் உட்கார்ந்தார். கண்களை மூடிக்கொண்டார். லிவரின் தலையை மூன்று விரல்களால் மட்டும் பிடித்து, முன்னும் பின்னும், இடமும் வலமுமாக மெல்ல, மிக மெல்ல நகர்த்தினார். இரண்டு நிமிஷம் இருக்கும். கண்ணைத் திறந்து பேரனைக் கூப்பிட்டார்.

“தம்பி, நல்லா இருந்த காலத்திலே கியர் போடும்போது கையிலே ‘டக்’குனு ஒண்ணு தெரியுமே, ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“இப்போ போட்டுப் பாருங்க. அது இருக்குதா?”

பையன் போட்டுப் பார்த்தான். “இல்லை.”

“அந்த ‘டக்’குதான் நமக்குச் சாட்சி!”

பழைய பீரோக் கதவுகளில், மூடும்போது பிடித்துக்கொள்வதற்காக ஸ்பிரிங்கின் மேல் ஒரு சிறு உருண்டை வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு ராடிலும் அதே தந்திரம் உண்டு. ராடில் சிறு பள்ளங்கள். ஸ்பிரிங் தள்ளும் முனை அந்தப் பள்ளத்தில் விழுந்து ராடை நிறுத்திவைக்கும். கைக்குத் தெரிகிற ‘டக்’ அதுதான். ஃபோர்க் உடைந்திருந்தால் என்ன ஆகும்? லிவர் ராடைத் தள்ளும், ராடு நகரும், ‘டக்’ கேட்கும். ஆனால் ஃபோர்க் கூடப் போகாது. இங்கே ‘டக்’கே இல்லை. அப்படியென்றால் லிவர் ராடையே தள்ளவில்லை. சங்கிலி அறுந்த இடம் அதற்கும் முன்னால், கம்பளத்துக்கு அடியில்!

“தொண்ணூறு பங்கு வெளியேதான்” என்றார் மேஸ்திரி. “மீதிப் பத்துப் பங்கைத் தொறந்து பார்த்துத்தான் சொல்வேன். அதுவரைக்கும் யார்கிட்டேயும் அட்வான்ஸ் வாங்காதீங்கம்மா.”

ஆசனங்களைக் கழற்றி வெளியே வைத்தார்கள். கம்பளம் வந்தது. அதற்கடியில் தகர மூடி. ஒவ்வொரு ஸ்குரூவும் வர மறுத்து, மண்ணெண்ணெய் குடித்த பிறகே வந்தது. லிவர் நிற்கும் கூண்டைப் பிடித்திருந்த நட்டுகளைத் தளர்த்திக்கொண்டே மேஸ்திரி அம்பாஸிடர் கதை ஒன்று சொன்னார். ஸ்டியரிங்கில் ‘ஹேண்ட் கியர்’ இருந்த அந்த வண்டிகளில் நடுரோட்டில் கியர் மாட்டிக்கொள்வது சர்வ சாதாரணம். டாக்ஸி டிரைவர் அலட்டிக்கொள்ளாமல் இறங்குவார், பானெட்டைத் திறப்பார், ஸ்டியரிங் அடியிலுள்ள கம்பிகளைக் கையால் ஒரு தட்டுத் தட்டி விடுவிப்பார், வண்டி கிளம்பும். “கியர் பாக்ஸைத் தூக்கணும்னு யாராச்சும் சொன்னாங்களா? வெளியே இருக்கிற கம்பியை முதல்லே பாருன்னு அந்த வண்டிதான் ஸார் எனக்குச் சொல்லிக் கொடுத்துது.” அவர் அதிகமாகத் திட்டியது லிவரில் குழாயை மாட்டிப் பலத்தால் நெம்புகிறவர்களை. அப்படி நெம்பினால் வெளிக்கோளாறு உள்கோளாறாகிவிடும். மாட்டிய கியர் விடுபட வேண்டுமானால் வண்டியை முன்னும் பின்னும் லேசாக அசைத்து, பற்களின்மேல் உள்ள இறுக்கத்தைத் தளர்த்தி, அந்தக் கணத்தில் லிவரை இழுத்துப் பார்க்கலாம்; அதற்கு மேல் கூடாது என்றார்.

மணி இரண்டரை. கூண்டைத் தூக்கினார். டார்ச் விளக்கை உள்ளே அடித்தார். ஒன்றும் பேசவில்லை. பேரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“வாங்க தம்பி, உங்க கண்ணாலேயே பாருங்க.”

நானும் எட்டிப் பார்த்தேன். தண்டின்மேல் இறுகிக் கிடக்க வேண்டிய பிடி, விரலால் தொட்டதுமே வழுக்கியது. அதை இறுக்கும் போல்ட் பாதிக்கு மேல் தளர்ந்து வெளியே வந்திருந்தது. லிவர் தண்டை நகர்த்தியது; தண்டு பிடியை நகர்த்தவில்லை. அவ்வளவுதான் வியாதி! மேஸ்திரி நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை முதல் ராடின் தலையில் வைத்து, சிஷ்யனை வண்டியை லேசாக அசைக்கச் சொல்லி, ஒரு நெம்பு நெம்பினார்.

‘டக்.’

அந்தச் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. வண்டியைச் சிஷ்யன் ஒரு விரலால் தள்ளினான், உருண்டது. பேரன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். வியர்வைதான் என்று வைத்துக்கொள்வோம்.

“தம்பி மேலே தப்பே இல்லேம்மா. யார் ஓட்டியிருந்தாலும் இது நடந்திருக்கும்” என்று மேஸ்திரி உள்ளே பார்த்து உரக்கச் சொன்னார்.

போல்ட் தளராமல் இருக்க அதன் தலைக்கடியில் ஒரு பூட்டு வாஷர் வைத்து, அதன் காதை மேலே மடித்துவிடுவது வழக்கம். இங்கே அந்தக் காது ஒடிந்திருந்தது. மேஸ்திரி அதைக் கொறடாவால் எடுத்து, வேஸ்டால் துடைத்து, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். கம்பெனிச் சாமான் அல்ல அது. யாரோ கத்திரியால் வெட்டி, ஓரத்தை அரத்தால் ராவி, கச்சிதமாகச் செய்த தகர வாஷர். ஒரு பக்கத்தில் பச்சைச் சாயமும் பாதி எழுத்தும் ஒட்டியிருந்தன. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சிஷ்யன் புதுப்பேட்டைக்கு ஓடி, நல்ல எஃகு வாஷர் இரண்டு வாங்கிவந்தான். பழைய மோட்டார்ச் சாமான்களுக்கு அந்தப் பேட்டையைவிட்டால் வேறு கதி ஏது? பிடியைச் சரியான இடத்தில் வைத்து, போல்ட்டை இறுக்கி, வாஷரின் காதை மடித்து, கூண்டை மறுபடி உட்காரவைத்தார்கள். எண்ணெயின் அளவைக் குச்சியால் பார்த்து, குறைந்ததை ஊற்றினார்கள். பிளக்குகளை மாட்டி என்ஜினைக் கிளப்பியபோது 4 மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது.

விலைக்குக் கேட்டவர் மணி தவறாதவர். அவர் வாசலுக்குள் நுழையும்போது, எம்.ஜி.ஏ. ரிவர்ஸ் கியரில் ‘ங்ங்ங்’ என்று முனகியபடி அவரை நோக்கியே வந்துகொண்டிருந்தது. ஒதுங்கி நின்றார். சற்று நேரம் வண்டியையே பார்த்தார். பிறகு அம்மாளிடம், பழைய விலையே பேசலாம் என்றார்.

“நாளைக்குச் சொல்கிறேன்” என்றார் அம்மாள். காப்பி கொடுத்துத்தான் அனுப்பினார்.

அவர் போனதும் மேஸ்திரி கை கழுவிக்கொண்டு வந்தார். கூலியைப் பற்றிப் பேச்செடுத்தபோது, அம்பாஸிடர் காலத்துக் கணக்கையே சொன்னார், அம்மாள் ஒப்புக்கொள்ளவில்லை, சிறிது நேரம் தர்க்கம் நடந்தது. அதற்குப் பிறகுதான் சட்டைப் பைக்குள்ளிருந்து அந்தத் தகரத் துண்டை எடுத்து நீட்டினார்.

“இதைத் தூக்கிப் போட மனசு வரலைம்மா. ஐயா கை வேலை. லாக் வாஷர் கிடைக்காமெ தானே வெட்டிப் போட்டிருக்காரு. எத்தனை வருஷமோ தாங்கியிருக்கு.”

அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நம்ம காப்பிப் பொடி டப்பா! மூடி எங்கே போச்சுன்னு இரண்டு நாள் தேடினேன். தெரியாதுன்னுட்டாரே மனுஷர்!”

சொல்லிவிட்டு அதைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.